பக்கத்துக் கட்டடத்தில் போன் டவர் வருகிறதா? கொழும்பில் யாரிடம், எப்போது, என்ன கேட்பது

மொட்டைமாடியில் நாலு பேர் அளவுநாடாவோடு நிற்பார்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் பெயின்ற்றால் குறி போடுவார்கள். என்ன விஷயம் என்று கேட்டால் "சிக்னல் செக் பண்ண வந்தோம்" என்று பதில் வரும். தங்கள் ஒழுங்கையில் டவர் ஒன்று வரப்போவது கொழும்பில் அயலவருக்குத் தெரியவருவது பெரும்பாலும் இப்படித்தான். அதன்பிறகு ஒருவர் பொலிஸுக்குப் போன் எடுப்பார், இன்னொருவர் கிராம சேவகரைத் தேடுவார், மூன்றாமவர் வாட்ஸப்பில் புற்றுநோய் வீடியோ ஒன்றைப் போட்டுவிடுவார். இரண்டு கிழமையில் கம்பங்கள் நட்டு முடிந்திருக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் புதிதாகத் தொடர்மாடியில் குடிவந்து, எந்தக் கந்தோரில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். டவரே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. வீட்டுக்குள் சிக்னல் இல்லையென்று பல்கனிக்கு ஓடுகிறவர்களும் நாங்கள்தானே. ஆனால் அனுமதி எடுக்காமல், கட்டடம் தாங்குமா என்று பாராமல், இரவெல்லாம் ஜெனரேட்டர் உறுமும்படி வைத்துவிட்டுப் போவதைத் தடுக்க வழி இருக்கிறது. கதிர்வீச்சைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதைவிட, ஃபைலில் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் அந்த வழி.

1. வருவது என்ன என்று முதலில் பாருங்கள்

டவர் என்று பொதுவாகச் சொன்னாலும் கொழும்பில் மூன்று விதமாக வரும். வெறுங்காணியில் அத்திவாரம் வெட்டி எழுப்பும் இரும்புக் கோபுரம் ஒன்று. கட்டடத்தின் உச்சியில் பொருத்தும் குட்டைக் கம்பங்கள் இன்னொன்று. நெருக்கமான பகுதிகளில் அதிகம் காண்பது இதைத்தான். மூன்றாவது, வீதியோரத்தில் விளக்குக் கம்பம் மாதிரி நிற்கும் ஒற்றைக் கம்பம். காணியென்றால் காணிச் சொந்தக்காரர், மாடியென்றால் கட்டடத்தின் உரிமையாளர் அல்லது தொடர்மாடி வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த நிர்வாகக் கூட்டுத்தாபனம், வீதியென்றால் வீதிக்குப் பொறுப்பான நிறுவனம் என்று சம்மதம் கொடுக்கிறவர் மாறுவார். அதனால் முதல் நாளே போனில் நாலைந்து படங்கள் எடுத்து வையுங்கள். படத்தில் பக்கத்துக் கட்டடமும் தெரியட்டும், திகதியும் இருக்கட்டும். வந்த லொறியில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதையும் எடுங்கள். டயலொக், எஸ்எல்டி மொபிடெல், ஹட்ச் ஆகியவற்றின் பெயரே இருக்க வேண்டும் என்றில்லை. கோபுரம் கட்டி வாடகைக்குக் கொடுக்கும் எடொட்கோ போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. ஒரு கோபுரத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு.

2. உங்கள் சபை எது?

சிரிக்க வேண்டாம், இதில் தவறுகிறவர்கள் நிறையப் பேர். கொழும்பு என்று முகவரி எழுதுகிற எல்லோரும் கொழும்பு மாநகர சபைக்குள் இல்லை. காலி வீதியில் வெள்ளவத்தை முடிந்து தெஹிவளை தொடங்கும் இடத்தில் சபை மாறிவிடும். அங்கே தெஹிவளை–கல்கிசை மாநகர சபை. இராஜகிரிய பக்கம் கோட்டே மாநகர சபை, கொலன்னாவையில் நகர சபை. சந்தேகமென்றால் சோலைவரி பில்லைப் பாருங்கள், தலைப்பிலேயே சபையின் பெயர் இருக்கும்.

கட்டுமானத்துக்கான அனுமதிக்கு அடிப்படை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம். அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்த இடத்தில், அரச நிறுவனமோ தனியாரோ, அபிவிருத்தி வேலை எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதிகாரசபை தன் அதிகாரங்கள் சிலவற்றை உள்ளூராட்சி சபை அதிகாரிகளிடம் கையளித்திருக்கிறது. ஆகவே உங்கள் விஷயத்தின் ஃபைல் நகர மண்டபத்திலும் இருக்கலாம், பத்தரமுல்லை செத்சிறிபாயவில் அதிகாரசபையின் தலைமையகத்திலும் இருக்கலாம். "அது எங்களிடம் இல்லை, அங்கே கேளுங்கள்" என்று இரண்டு பக்கமும் சொல்லக்கூடிய இடம் இது. இரண்டுக்கும் ஒரே நாளில் எழுதிவிட்டால் அந்த அலைச்சல் பாதி குறையும்.

மூன்றாவது கந்தோர் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அலைவரிசை, உரிமம், கதிர்வீச்சு அளவு எல்லாம் அவர்கள் பக்கம். கட்டடம் தாங்குமா, மதிலுக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் சபையும் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் பார்க்க வேண்டியவை. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் கடிதம் தவறான மேசைக்குப் போகாது.

3. அன்றைக்கே ஒரு கடிதம்

காத்திருக்க வேண்டாம். கொங்கிரீட் போட்ட பிறகு எந்த அதிகாரிக்கும் கை தயங்கும். மொட்டைமாடிக் கம்பங்கள் சில நாட்களிலேயே எழும்பிவிடும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஆணையாளர், கொழும்பு மாநகர சபை. … ஒழுங்கை, … ஆம் இலக்கக் கட்டடத்தின் மொட்டைமாடியில் தொலைத்தொடர்புக் கம்பங்கள் நிறுவும் வேலை … ஆம் திகதி தொடங்கியுள்ளது. இதற்கு அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டுள்ளதா என்பதையும், வழங்கப்பட்டிருப்பின் அதன் இலக்கத்தையும் திகதியையும் எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வழங்கப்படவில்லையெனில் வேலையை நிறுத்த நடவடிக்கை எடுக்குமாறும், விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பின் முடிவு எடுக்கப்படும் முன் அயலவரான எமது கருத்தைச் செவிமடுக்குமாறும் வேண்டுகிறேன். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

அவ்வளவுதான். புற்றுநோய் என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சொல் வந்த உடனே சபை அதிகாரி கடிதத்தைத் தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார். அனுமதி இலக்கம் என்ன என்று கேட்டால் அவரேதான் பதில் சொல்ல வேண்டும்.

நேரில் கொடுத்தால் இன்னொரு கொப்பியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு கொப்பி கொடுங்கள். அவரிடம் அனுமதி கொடுக்கும் அதிகாரம் இல்லாவிட்டாலும் ஃபைல் எந்த மேசையில் கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆகவே தமிழில் எழுதுங்கள். ஆனாலும் மாடியில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பரிடம் சொல்லி ஒரு சிங்களப் பிரதியும் சேர்த்து இணைப்பது என் ஆலோசனை. மொழிபெயர்ப்பாளரின் மேசையில் கடிதம் ஒரு கிழமை தூங்குவதால் நமக்குத்தான் நட்டம். கையொப்பம் சேர்க்கும்போதும் அப்படித்தான். ஒழுங்கையில் இருக்கும் எல்லாச் சமூகத்தவரிடமும் போங்கள். பெயர், வீட்டு இலக்கம், கையொப்பம் மூன்றும் இருக்கிற பத்துப் பேர், முகவரியில்லாத நூறு பேரைவிட மேல்.

4. தகவல் அறியும் உரிமை விண்ணப்பம்

கடிதத்தோடு கூடவே இதையும் போடுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இலங்கைக் குடிமகன் எவரும் பகிரங்க அதிகாரசபையிடம் தகவல் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். தருவதென்று முடிவானால் அதற்குப் பிறகும் 14 நாள் அவகாசம் உண்டு. மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கணக்குப் பார்த்தால் தகவல் கைக்கு வரவே ஒரு மாதத்துக்கு மேல் போகலாம். அதனால்தான் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டு இதற்காகக் காத்திருக்கக்கூடாது என்கிறேன்.

கேள்வி எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "டவர் பற்றிய எல்லா விபரமும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. சபையிடம் கேட்க வேண்டியவை: விண்ணப்பம் கிடைத்த திகதி, அங்கீகரித்த வரைபடத்தின் பிரதி, கட்டடம் சுமையைத் தாங்கும் என்று பொறியியலாளர் கொடுத்த அறிக்கை, திட்டமிடல் குழுவின் கூட்டக் குறிப்பு, அனுமதியோடு விதித்த நிபந்தனைகள், அயலவரின் சம்மதக் கடிதம் ஏதாவது ஃபைலில் இருந்தால் அதன் பிரதி, வேலை முடிந்ததற்கான இணக்கச் சான்றிதழ். சம்மதக் கடிதத்தைக் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் போடாத கையெழுத்து உங்கள் பெயரில் இருந்தால் கதையே வேறு.

தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டியவை: அந்த இடத்துக்கு அவர்கள் வழங்கிய அங்கீகாரமும், கதிர்வீச்சு அளவீடு ஏதும் எடுத்திருந்தால் அதன் அறிக்கையும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இரத்மலானை விமான நிலையம் கிட்ட இருப்பதால், உயரத்துக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா என்றும் ஒரு வரி சேருங்கள். மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்க வேண்டாம். வர்த்தக இரகசியம் என்று மறுக்க ஒரு சாட்டு கிடைத்துவிடும், அந்தத் தொகையால் நமக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

5. உங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியே என்றால்

வெள்ளவத்தையில் அடிக்கடி நடப்பது இது. மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்கள் பாதிப் பேர், லிஃப்ட் திருத்தக் காசில்லை, அந்த நேரம் பார்த்து ஒருவர் ஒப்பந்தத்தோடு வருவார். தலைவரும் பொருளாளரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் கூட்டாதனக் கட்டடத்தில், அதாவது வீடுகள் தனித்தனியாக ஆளுக்கொருவருக்குச் சொந்தமான தொடர்மாடியில், கூரை பொதுவாக எல்லா உரிமையாளருக்கும் சேர்ந்த பொதுப் பகுதி. அதை வாடகைக்குக் கொடுப்பது இரண்டு பேர் தீர்மானிக்கிற விஷயமல்ல. முதலில் உங்கள் வீட்டு உறுதிப்பத்திரத்தையும் கூட்டாதன வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். சில கட்டடங்களில் கட்டியவரே கூரையைத் தன் பெயரில் வைத்திருப்பார், அப்போது வாதம் மாறும். பொதுப் பகுதிதான் என்றால், எந்தக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தீர்கள், அறிவித்தல் யாருக்கெல்லாம் போனது, கூட்டக் குறிப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையில் முறையிடலாம்.

கூட்டம் வைத்து எல்லோரும் சம்மதிக்கிறீர்கள் என்றால், அதுவும் நியாயமான முடிவுதான். அப்படியானால் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் பார்க்கச் சொல்வது "உபகரணங்கள்" என்ற ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்பதைத்தான். எத்தனை அன்ரெனா, என்ன நிறை, எந்த இடத்தில் என்று இணைப்பில் வரையறுக்காவிட்டால், இன்று ஒரு நிறுவனத்துக்காக வந்த கம்பத்தில் நாளைக்கு இன்னொன்றும் ஏறும், அதற்கு உங்களைக் கேட்க மாட்டார்கள். அப்புறம் கூரையின் நீர்காப்பு. துளை போட்ட இடத்தால் மழை ஒழுகி மேல்மாடிக்காரரின் சீலிங் ஊறினால் யார் திருத்துவது? மின்சாரம் தனி மீற்றரிலா, பொது மீற்றரிலா? மரைன் டிரைவ் பக்கக் கட்டடமென்றால் கடற்காற்றில் இரும்பு எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கும் என்று பல்கனிக் கம்பியைப் பார்த்தாலே தெரியும்; வருடா வருடம் யார் பரிசோதிப்பது, அறிக்கை யாருக்கு? மின்னல் காப்புக்கும் அதே கேள்வி. ஒப்பந்தம் முடிந்தால் கம்பத்தைக் கழற்றிக் கூரையைப் பழையபடி செய்து தர வேண்டும் என்ற வரி இல்லாவிட்டால், துருப்பிடித்த இரும்போடு நீங்கள்தான் காலம் தள்ள வேண்டிவரும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூட்டத்தில் வாக்கு இல்லை. வீட்டு உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், தன் நிலைப்பாட்டைச் சொல்லும் ஒரு மின்னஞ்சலாவது அவரிடமிருந்து வாங்கி வையுங்கள். சபைக்குக் கடிதம் எழுதவும் தகவல் கேட்கவும் அது தேவையில்லை, வாடகைக்காரரும் அயலவர்தான்.

6. கதிர்வீச்சுப் பயத்தை எப்படிக் கையாள்வது

பயம் உண்மையானது, அதைக் கேலி செய்யக்கூடாது. ஆனால் அதோடு கந்தோருக்குப் போகும் முன் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

போன் கோபுரம் வெளியிடுவது ரேடியோ அலை. எக்ஸ்கதிர் போல அணுக்களை அயனாக்கும் கதிர் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது "சாத்தியம் இருக்கலாம், சான்று போதாது" என்ற வகையில் சேர்த்தது உண்மை. அதற்குப் பெரிதும் காரணமாக இருந்தது காதோடு வைத்துப் பேசும் போனைப் பற்றிய ஆய்வுகள். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே 2பி பிரிவில்தான் இருக்கிறது. கோபுரத்தை எதிர்க்கும் துண்டுப்பிரசுரத்தில் முதல் பாதி மட்டும் இருக்கும்.

சர்வதேச அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணைக்குழுவின் வழிகாட்டலில், பொதுமக்களுக்கான எல்லை 900 மெகாஹேர்ட்ஸில் சதுர மீற்றருக்கு 4.5 வோட், 1800இல் 9 வோட், 2000க்கு மேல் 10 வோட். ஆகவே "கதிர்வீச்சு இருக்கிறது" என்று முறையிடுவதில் பயனில்லை, இருக்கத்தான் செய்யும். "என் படுக்கையறையில் அளந்து, அந்த எல்லையில் எத்தனை வீதம் என்று எழுத்தில் தாருங்கள்" என்று தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அவர்களின் அழைப்பு இலக்கம் 1900. பேசிவிட்டு, எழுத்திலும் அனுப்புங்கள்.

எந்த வீட்டில் அளக்கச் சொல்வது? எல்லோரும் கோபுரத்துக்கு நேர்கீழே இருக்கும் வீட்டைத்தான் காட்டுவார்கள். அன்ரெனாவின் கற்றை கிட்டத்தட்டக் கிடையாக, சற்றே கீழ்நோக்கிப் போகும். கலங்கரை விளக்கின் ஒளி அதன் அடியில் நிற்பவர் தலைக்கு மேலால் போவது போல. அதனால் அடியில் இருப்பவரைவிட, ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கத்தில் அன்ரெனாவின் மட்டத்திலேயே ஜன்னல் வைத்திருக்கும் ஐந்தாம் மாடிக்காரருக்குத்தான் அதிகம் வரும். கம்பத்தில் பார்த்தால் வட்டமான டிரம் மாதிரியானவையும், நீள்பெட்டி மாதிரியானவையும் இருக்கும். சனம் பயப்படுவது டிரம்முக்கு. அது இன்னொரு கோபுரத்தோடு கதைக்கும் மெல்லிய கற்றை. நம் போன்களோடு கதைப்பது நீள்பெட்டி. அது எந்தப் பக்கம் முகம் பார்க்கிறது என்று படம் எடுத்துவைத்தால், திசையை மாற்றவோ உயர்த்தவோ சொல்லிக் கேட்கலாம். "டவரை எடு" என்பதைவிட அதற்குச் சம்மதிப்பது நிறுவனத்துக்கும் சுலபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபுரம் தூரப் போகப் போக, உங்கள் கையில் இருக்கும் போன் கூடுதல் சக்தியோடு கத்த வேண்டிவரும். காதுக்குப் பக்கத்தில் கத்துவது அதுதான்.

7. சத்தம்

கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர், எந்நேரமும் ஓடும் குளிரூட்டி. வருடக்கணக்காகத் தூக்கத்தைக் கெடுப்பது இவைதான், ஆனால் முறைப்பாடுகளில் கடைசி வரியில் வரும். 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி மாநகர, நகர சபைப் பகுதிகளில் எல்லை பகலில் 63 டெசிபல், இரவில் 50. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் என்றால் இன்னும் குறைவு. போனில் உள்ள டெசிபல் செயலி சாட்சியாகாது, ஆனால் எந்த இரவு எத்தனை மணிக்கு என்ற குறிப்பேடு ஒன்று வைத்திருந்து மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதினால் அளக்க வருவதற்கு அடிப்படை இருக்கும். கதிர்வீச்சுச் சண்டையில் தோற்று, ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புப் பெட்டி வாங்கிக்கொள்வது உண்மையில் வெற்றிதான்.

8. அனுமதியே இல்லையென்று தெரிந்தால்

இங்கே சட்டம் உங்கள் பக்கம் பலமாக நிற்கிறது. அனுமதியில்லாத வேலையை நிறுத்தச் சொல்லி, பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி, இடிக்கச் சொல்லியும்கூட நகர அபிவிருத்தி அதிகாரசபை எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். கேட்காவிட்டால் நீதவானிடம் போய்க் கட்டளை பெறலாம். அந்த நடவடிக்கையை எடுக்க வேண்டியது அதிகாரசபை, நீங்களல்ல. உங்கள் கடிதத்தில் "நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள். எந்த அதிகாரத்தைப் பாவிக்கச் சொல்கிறீர்கள் என்று தெரிந்தவர் எழுதிய கடிதத்துக்குத் தனி மரியாதை.

அனுமதி இருக்கிறது, ஆனால் கொடுத்த முறை தவறு என்றால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனுத்தான், அதாவது அந்த அனுமதியை ரத்துச் செய்யக் கேட்கும் மனுத்தான் வழி. செலவாகும். தாமதித்துப் போனால் அந்த ஒரு காரணத்தாலேயே தள்ளிவிடவும் முடியும். அதனால் ஆறு மாதம் கடிதம் எழுதிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருக்காதீர்கள். அனுமதிப்பத்திரத்தின் பிரதி கையில் வந்த கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது முத்திரை குத்திய கடிதப் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள், திகதியோடு படங்கள், தகவல் விண்ணப்பத்துக்கு வந்த பதில், உங்கள் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் இவ்வளவையும் திகதி வரிசையில் ஒரு ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள். வாட்ஸப் வீடியோக்களை வீட்டிலேயே விட்டுவிடலாம்.